கூட்டம் கொஸ்லந்தைக்கு வரவேண்டும்

நாடு முழுவதற்குமான ஒரு சங்கம் தன் அங்கத்தவர்களை மாவட்டவாரியாக எங்கே கூட்டுகிறது, எந்த நாளில் கூட்டுகிறது, யார் பஸ் காசு கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் காரியாலயச் செயலாளரின் தலைவலியாகவே கருதப்படுகின்றன. சங்க வரலாறு எழுதுகிறவர்கள் மாநாட்டுத் தீர்மானங்களை எழுதுவார்கள், தலைவர்கள் பிரிந்த கதையை எழுதுவார்கள். மண்டபம் எந்த ஊரில் இருந்தது, அங்கே யாரால் வந்துசேர முடிந்தது என்று எழுதமாட்டார்கள். ஊவாத் தோட்டங்களைப் பொறுத்தவரை இந்தச் சின்ன விஷயந்தான் பெரிய விஷயம். கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே இங்கே ஆட்கள் வேலை இழந்தார்கள், அத்துமீறி நுழைந்ததாக வழக்குச் சுமந்தார்கள். அப்படிப் பெற்ற உரிமையை இன்றைய சங்கங்கள் எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதைப் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில் நின்று பார்க்கும்போது மனம் ஆறுவதில்லை.

மலைநாட்டில் முதலில் சங்கம் அமைத்தவர்கள் துரைமார். 1854ஆம் ஆண்டு கண்டியில் தோட்டத்துரைமார் சங்கம் தொடங்கப்பட்டது. அது கோப்பிக் காலம். தேயிலை பின்னால்தான் வந்தது. கண்டியிலிருந்து எல்லாவற்றையும் நடத்த முடியாது என்று அவர்களுக்கு விரைவிலேயே விளங்கிவிட்டது. மாவட்டந்தோறும் கிளைச் சங்கங்கள் எழுந்தன. ஊவாவுக்கும் ஹப்புத்தளைப் பக்கத்துக்கும் தனித்தனியே இருந்தன. கிளைக் கூட்டத்தில் ரோட்டைப் பற்றி, ஆள்கட்டிக் கொண்டுவருவதைப் பற்றி, ரயில்பாதையைப் பற்றித் தீர்மானம் போடுவார்கள். அது கண்டிக்குப் போகும், கண்டியிலிருந்து ஆளுநரிடம் போகும். சட்டசபையில் துரைமாருக்கென்றே ஓர் ஆசனமும் இருந்தது. கூடிப் பேச கிளப் இருந்தது, வந்துபோகக் குதிரை இருந்தது, பிறகு ரயிலும் வந்தது: 1894இல் பண்டாரவளை வரைக்கும், 1924இல் பதுளை வரைக்கும். கிளைக் கூட்டம் என்றால் என்ன என்பதை அந்தச் சங்கம் நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. கீழே எழுந்த கோரிக்கை மேலே போய், பதிலோடு திரும்பி வந்தது. எங்கள் சங்கங்கள் அவர்களிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளலாம் என்றால் இந்தப் போக்குவரத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதே மலையில் கொழுந்து பறித்தவர்களுக்குக் கூடுவதற்கு இடமே கிடையாது. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். லயத்து வாசல் தோட்டத்துக்குச் சொந்தம். கோயில் முற்றமும் பிள்ளை மடுவமும் ஆற்றுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையும்கூடத் தோட்டத்துக்கே சொந்தம். வெளியாள் ஒருவர் துரையின் அனுமதியில்லாமல் கால் வைத்தால் அத்துமீறல். 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனதை மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தாமே பாட்டுக் கட்டி, கூட்டங்களில் பாடி ஆட்களைச் சேர்த்தார். பாட்டுக் கேட்க நின்றவர்கள் பேச்சையும் கேட்டார்கள். எழுத்தறிவு குறைந்திருந்த இடத்தில் அதைவிடப் பொருத்தமான அழைப்பு முறை வேறெதுவும் இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் லங்கா சமசமாஜக் கட்சி நடத்திய கூட்டத்தில் பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர் மேடையேறினார். தோட்டத்தில் துரைவேலை பழக வந்து, தொழிலாளர் பக்கம் பேசி வேலை இழந்தவர் அவர். அந்த ஒரு மேடைக்காக அரசாங்கம் அவரை நாடு கடத்தப் பார்த்தது; உயர்நீதிமன்றம் தடுத்தது. கொழும்பில் அவர் அதே பேச்சைப் பேசியிருந்தால் இவ்வளவு கலக்கம் வந்திருக்குமா என்பது சந்தேகம். தோட்டத்து ஆட்கள் நடந்து வந்து கேட்கக்கூடிய ஊரில் அது நடந்ததுதான் துரைமாரைக் கலக்கியது.

ஊவாவின் முறை 1940இல் வந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். அதற்குப் பிறகு பரவிய வேலைநிறுத்த அலை மே மாதம் பதுளைப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. மே 12ஆம் திகதி பதுளையில் சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா பேசிய கூட்டத்துக்குத் திரண்ட ஜனத்தின் முன்னால் பொலிஸால் எதுவும் செய்ய முடியவில்லை. பதுளைக்கு அருகிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் நடந்தது அதைவிடப் பெரியது. தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபையைக் கேட்டு நடப்பதாகத் துரை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அடக்குவதற்கு வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களையே தொழிலாளர்கள் பறித்துக்கொண்டார்கள். பிறகு வெள்ளம் வந்து பாதைகளை உடைத்து, ஊவா ஒரு வாரத்துக்கு மேல் வெளித்தொடர்பற்றுக் கிடந்தபோது, பொலிஸ் அடக்குமுறை அந்த எழுச்சியைத் தீர்த்துக்கட்டியது.

வெவெஸ்ஸ தோற்றது என்று சொல்லி இதைக் கடந்துபோவது சரியல்ல. ஒரு தோட்டத்தின் தொழிலாளர்கள், கொழும்பிலிருந்து பேச்சாளர் வரும்வரை காத்திராமல், தங்கள் சபையைத் தாங்களே தெரிவு செய்து, நிர்வாகத்தோடு நேரில் பேசினார்கள். கட்சி அவர்களுக்குத் துணை நின்றது, முடிவெடுத்தது அவர்கள். பாதை துண்டிக்கப்பட்டதும் துணை அறுந்துபோனது. மலைநாட்டில் மையத்துக்கும் கிளைக்கும் நடுவில் எப்போதும் மழையும் மண்சரிவும் இருக்கின்றன என்பதை நாடளாவிய எந்தச் சங்கமும் அன்றே படித்திருக்க வேண்டும். தன்னந்தனியே ஒரு வாரம் நின்று முடிவெடுக்கக்கூடிய கிளைதான் ஊவாவில் கிளை.

1939இல் தொடங்கப்பட்ட இலங்கை இந்தியன் காங்கிரஸ் அடுத்த ஆண்டே தொழிற்சங்கப் பிரிவை அமைத்து, தோட்டக் கமிட்டி, அதற்கு மேலே ஜில்லாக் கமிட்டி என்று கட்டிக்கொண்டு போனது. 1947 பொதுத்தேர்தலில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த 7 ஆசனங்களில் பதுளையும் ஒன்று, எஸ். எம். சுப்பையா அங்கிருந்து பாராளுமன்றம் போனார். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வாக்குரிமை பறிக்கப்பட்டதும் அந்தக் கதவை அடைத்தன. 1950இல் காங்கிரஸ் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. அதற்குப் பின்னால் வந்த மூன்று தசாப்தத்தில், வாக்குச் சீட்டில்லாத ஜனத்துக்கு ஜில்லாக் கூட்டந்தான் பாராளுமன்றமாக இருந்தது. சம்பளம் மட்டுமல்ல, பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமை விண்ணப்பம், இந்தியாவுக்குப் போவதா இருப்பதா என்ற குடும்பச் சிக்கல் எல்லாம் ஜில்லாக் காரியாலயத்து வாங்கில் உட்கார்ந்துதான் பேசப்பட்டன. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் கப்பலேறியவர்களில் தோட்டத் தலைவர்களும் இருந்தார்கள். எத்தனையோ தோட்டக் கமிட்டிகள் அனுபவசாலிகளை இழந்தது இப்படித்தான்.

இத்தனைக்கும் நடுவில், தோட்டத்துக்குள் போய்க் கூட்டம் நடத்தும் உரிமையைச் சட்டம் தெளிவாகக் கொடுத்தது 1970இல்தான். தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுக்குள் பிரவேசிப்பது பற்றிய அந்த ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் அது. துரைமார் சங்கம் பிறந்து 116 ஆண்டுகளுக்குப் பிறகு. அதுவரை சங்கப் பிரதிநிதி பொது ரோட்டில் நிற்பார். ஆட்கள் வேலை முடிந்து எல்லைக்கல்லைத் தாண்டி வந்து பேசிவிட்டுப் போவார்கள். இளைய பிரதிநிதிகளில் எத்தனை பேருக்கு இந்தச் சட்டம் தெரியும் என்று கேட்டுப் பார்த்தால் வருத்தந்தான் மிஞ்சும். தெரிந்தவர்களும் அதைப் பெரும்பாலும் தகராறு வந்தால் உள்ளே போவதற்கான சீட்டாக வைத்திருக்கிறார்களே தவிர, மாதாமாதம் போய்க் கூடுவதற்கான உரிமையாகப் பார்ப்பதில்லை.

இனி இன்றைக்கு வருவோம். பதுளை மாவட்டக் கூட்டம் என்று அறிவித்தல் வந்தால் அது பதுளை நகரத்தில் அல்லது பண்டாரவளையில் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு வசதி, தங்கும் விடுதி இருக்கிறது, படம் எடுக்க நல்ல மண்டபம் இருக்கிறது. கொஸ்லந்தையிலிருந்து போகிறவரின் கணக்கு வேறு. கொழும்பையும் மட்டக்களப்பையும் இணைக்கும் பெருவீதியில்தான் கொஸ்லந்தை இருக்கிறது. ஆனால் மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டுமானால் பெரகல ஏறி, ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல என்று மலையைச் சுற்ற வேண்டும். பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்து ஆளுக்குக் கொஸ்லந்தைக் கடைத்தெருவுக்கு வருவதே முதல் பயணம். காலை 9 மணிக் கூட்டத்துக்கு இருட்டோடு புறப்பட வேண்டும். பின்னேரம் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே பேச்சைக் கேட்க வேண்டும். அது வேலைநாளானால் அன்றைய பேரும் போய்விடும். பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. தலைவருக்குச் சங்கம் ஏதாவது கொடுக்கும். கூட வருகிறவர்களுக்கு யார் கொடுப்பது? ஆகவே தலைவர் மட்டும் போகிறார். போனவர் வந்து சொன்னால்தான் தோட்டத்துக்குச் செய்தி.

பெண்களுக்கு இது இன்னும் கடினம். தோட்டத் தொழிலாளர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கொழுந்து மலையில் ஏறக்குறைய முழுவதும் அவர்களே. விடியுமுன் எழும்பி, சோறும் கறியும் ஆக்கி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கோ பிள்ளை மடுவத்துக்கோ அனுப்பி, பெரட்டுக்குப் போய், மலையேறி, பகல் நிறுவைக்கு இறங்கி, மறுபடி ஏறி, பின்னேர நிறுவை முடிந்து கொழுந்துப் பாரத்தை இறக்கும்போது நாலரை, ஐந்து ஆகிவிடும். பிறகு தண்ணீர், விறகு, அடுப்பு. தோட்டக் கமிட்டிக் கூட்டம் வழக்கமாக அந்த நேரத்தில்தான் வைக்கப்படுகிறது, ஆண்கள் அப்போதுதான் ஓய்வாக இருப்பார்கள் என்பதால். சங்கங்களில் மாதர் தலைவி என்ற பதவி இருக்கிறது. அந்தப் பதவியில் இருக்கிற அக்காமார் பலர் எந்த ஆண் தலைவருக்கும் குறையாத துணிச்சல் உள்ளவர்கள். மலையில் நிறுவையில் கிலோ வெட்டினால் முதலில் கேட்பது அவர்கள்தான். ஆனால் மாவட்டக் கூட்டத்தில் அவர்கள் பங்கு குத்துவிளக்கு ஏற்றுவதோடும் மாலை போடுவதோடும் நின்றுவிடுகிறது. தீபாவளி முற்பணத்தைப் பற்றிப் பேச அவர்களைக் கேட்பார்கள், நாட்சம்பளப் பேச்சுவார்த்தையைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். இதைப் பழக்கம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. சந்தா கட்டுகிறவர்களில் பெரும்பகுதியினரைக் கேளாமல் எடுத்த தீர்மானம் யாருடைய தீர்மானம்?

இப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதை மூணாறு காட்டியது. 2015 செப்டெம்பரில் கேரளத்து மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள், போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்தார்கள். அங்கே பெரிய தொழிற்சங்கங்கள் எல்லாம் பல தசாப்தங்களாக இருந்தன. அவற்றின் தலைவர்களைப் பக்கத்தில் வரவேண்டாம் என்று பெண்கள் திருப்பியனுப்பினார்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயர் அவர்களுக்குப் பிறகு வந்தது. ஒன்பது நாளில் கேட்டதைப் பெற்றார்கள். இங்கேயும் 2018 ஒக்டோபரில், ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு, கறுப்புச் சட்டை போட்ட மலையக இளைஞர்கள் காலிமுகத்திடலில் திரண்டார்கள். அவர்களை அழைத்தது எந்த ஜில்லாக் காரியாலயமும் அல்ல, கைத்தொலைபேசியும் முகநூலுமே. கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்கிற தோட்டத்துப் பிள்ளைகளைச் சங்கங்களின் பிராந்திய அமைப்பு கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. அவர்களுடைய வீடு கொஸ்லந்தையில், உழைப்பு கொழும்பில். எந்த மாவட்டக் கூட்டத்துக்கும் அவர்கள் சொந்தமில்லை. சங்கங்கள் இதைத் துரோகம் என்று பார்க்காமல், தங்கள் கூட்ட அழைப்பு எங்கே போய்ச் சேரவில்லை என்பதற்கான அறிவித்தலாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தொழிலாளர் சங்கங்களை மட்டும் சொல்வது நியாயமல்ல. ஆசிரியர் சங்கங்கள், தோட்ட உத்தியோகத்தர் சங்கம் என்று படித்தவர்களின் அமைப்புகளும் இதே வழியில்தான் போகின்றன. பெருந்தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியில். நாட்டின் மற்ற ஆசிரியர்களுக்கு இல்லாத பிரச்சினைகள் இங்குள்ள ஆசிரியருக்கு உண்டு: தங்குமிடம், தூரம், ஒரே ஆள் இரண்டு மூன்று வகுப்பைப் பார்ப்பது, ஆசிரிய உதவியாளராகச் சில ஆயிரம் ரூபாய் படியோடு வருடக்கணக்கில் கிடப்பது. 2021இல் ஆசிரியர் – அதிபர் சம்பள முரண்பாட்டுக்காக நாடு முழுவதும் நிகழ்நிலைக் கற்பித்தலை நிறுத்தி மூன்று மாதத்துக்கு மேல் நின்றார்கள். மலையக ஆசிரியர்களும் அதில் உறுதியாக நின்றார்கள். போராட்டத்துக்கு வந்த கடிதங்களிலும் சுற்றறிக்கைகளிலும் சிங்களத்துக்கு ஒரு நாள் பிந்தியே தமிழ் வரும் பழக்கம் மட்டும் மாறுவதில்லை. ஹல்துமுல்ல உட்பட பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. அரசாங்கத்திடம் அதை அமுல்படுத்தச் சொல்லிக் கேட்கிற சங்கம், தன் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை உட்காரவைக்க வேண்டாமா? கொஸ்லந்தையில் சிங்களக் கிராமத்து ஆசிரியரும் தோட்டத்து ஆசிரியரும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். ஒரே மேடையில் இரண்டு மொழியிலும் பேசுவது அவர்களுக்கு ஒன்றும் புதிதல்ல. மேலிருந்து வருகிறவர்களுக்குத்தான் புதிது.

நிகழ்ச்சி நிரலைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. அதைச் சொல்ல மீரியபெத்தவைச் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நேரத்தில், கொஸ்லந்தைக்கு மேலே உள்ள மலை இறங்கி மீரியபெத்த லயங்களைப் புதைத்தது. பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. கொஸ்லந்தைக் கணேசா வித்தியாலயமும் பூனாகலைப் பாடசாலையும் அகதி முகாம்களாயின. பிறகு குடும்பங்கள் மாக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டு வருடம் இருந்து, 2016இல் புது வீடுகளுக்குப் போயின. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காரியாலயங்களுக்குப் போயிருந்தது. போக இடமில்லாதவர்களுக்கு மாற்றுக் காணி மட்டும் வரவில்லை.

அந்த ஒன்பது வருடத்தில் மாவட்டத்தில் எத்தனையோ கூட்டங்கள் நடந்திருக்கும், எத்தனை சங்கங்கள்! மாற்றுக் காணி கேட்டு, தோட்டக் கமிட்டி, பாடசாலை ஆசிரியர்கள், தோட்ட உத்தியோகத்தர்கள் மூன்று தரப்பும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து, பிரதேச செயலாளரையும் அழைத்து, பதில் வரும்வரை மாதாமாதம் அதையே முதல் விடயமாக வைத்திருந்தால்? நடந்திருக்காது என்று என்னால் சொல்ல முடியாது, நடந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் கீழே இருக்கிற ஜனத்தின் உயிர்ப்பிரச்சினை நிகழ்ச்சி நிரலின் முதல் வரியாக வர வேண்டுமானால், நிகழ்ச்சி நிரலை எழுதுகிற பேனா கீழேதான் இருக்க வேண்டும் என்பது நிச்சயம். கொழும்பில் தட்டச்சாகி வருகிற நிரலில் கட்சித் தீர்மானம் இருக்கும், தேர்தல் இருக்கும். மலையில் விழுந்த வெடிப்பு இருக்காது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலத் தோட்டத்திலும் மண் சரிந்து லயங்கள் போயின. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் பட்ட பாட்டை நாடே பார்த்தது. மழைக்காலத்துக்கு முன்னால், செப்டெம்பரிலேயே, ஒவ்வொரு தோட்டத்திலும் எந்த லயத்துக்கு மேலே வெடிப்பு இருக்கிறது என்று கேட்டு எழுதுகிற கூட்டம் ஒன்று சங்கத்தின் ஆண்டு நாட்காட்டியில் இன்றுவரை கட்டாயமாக்கப்படாதது எனக்குப் பொறுக்கவில்லை.

கூட்டத்தை மக்களிடம் கொண்டுபோக முடியும் என்பதற்கு அண்மைய சாட்சியும் உண்டு. மலையகம் 200, அதாவது மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு ஆனதன் நினைவாக, 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபயணம், போகிற ஊரிலெல்லாம் நின்று பேசியது, கேட்டது. எந்தப் பெரிய மண்டபமும் தேவைப்படவில்லை.

செய்ய வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. மாவட்டக் கூட்டம் ஒவ்வொரு முறையும் பதுளையிலோ பண்டாரவளையிலோ நடப்பதை விட்டு, ஹல்துமுல்ல, பசறை, வெலிமடை, கொஸ்லந்தை என்று முறை வைத்துச் சுற்ற வேண்டும். கொழும்பு ஆட்கள்தான் பஸ் ஏறட்டும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு மழை கொட்டும். ஆகவே பகலுக்கு முன்னே முடிகிற கூட்டமாக வைக்க வேண்டும். போயா நாள் நல்லது, பேர் போகாது, பாடசாலை மண்டபமும் கிடைக்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் ஆளும் ஏற்பாடு செய்தால் கொழுந்தெடுக்கிற பெண்கள் வருவார்கள், வந்தால் பேசுவார்கள். சந்தாப் பணத்தில் ஒரு பங்கு கிளையின் கையிலேயே நிற்க வேண்டும், ஒவ்வொரு பஸ் காசுக்கும் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. சூமில் கூடலாம் என்பவர்கள் பூனாகலைக்கு மேலே ஒரு நாள் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்க்கட்டும். வெளிநாட்டிலும் கொழும்பிலும் உள்ளவர்களைச் சேர்க்க அது உதவும், கூட்டத்துக்குப் பதிலாகாது. கூட்டக் குறிப்பு இரண்டு மொழியிலும் ஒரு வாரத்துக்குள் தோட்டக் கோயில் சுவரிலும் பாடசாலை அறிவித்தல் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும். அடுத்த கூட்டம் தொடங்கும்போது, போன தடவை கேட்டவற்றுக்குத் தலைமையகம் என்ன பதில் சொன்னது என்பதைச் செயலாளர் எழுந்து வாசிக்க வேண்டும். பதில் இல்லையென்றால், இல்லை என்றே வாசிக்க வேண்டும்.